ஆட்டோவில் அவராகத்தான் ஏறினார்

உள்ளே வாங்கக்கா. குனிஞ்சு வாங்க, நிலை தலையில் இடிக்கும். அந்தப் பக்கம் வேண்டாம், இப்படிச் சுவரோரமா உட்காருங்க. அங்கே உட்கார்ந்தால் பின்வீட்டு ருக்குமணியக்கா தையல் மிஷினில் இருந்தபடியே பார்ப்பாங்க. கேட்குதுங்களா, கடகடன்னு? அந்தச் சத்தம் இருக்கிற வரைக்கும் நாம பேசலாம். நின்னுட்டா நாமளும் கொஞ்சம் நிறுத்திக்கலாம்.

காபி போடட்டுங்களா? ஓ, நீங்களும் குடிக்கிறதில்லையா. சரி, தண்ணியாவது குடிங்க. தம்பியும் அப்படித்தான். இந்த ஈரோட்டில் டீ குடிக்காத ஆம்பளைகளை நான் மாடியில்தான் முதல்முதலாகப் பார்த்தேன்.

நீங்க யாருன்னு சொல்லவே வேண்டாம். டாரத்தி அக்கா. க்ளெமென்ட் தம்பிக்கும் உங்களுக்கும் ஒரே நெற்றி. இவள்தான் மிதுனா. தூங்கட்டும். அந்தக் கையைத் தொடாதீங்க, தூக்கத்தில் தொட்டால் சிணுங்குவாள்.

நீங்க கேட்கிறது புரியுதுங்கக்கா. தங்கவயலில் இருந்து இத்தனை தூரம் பஸ்ஸில் வந்து இதை என்கிட்டக் கேட்கிறீங்கன்னா வீட்டில் எப்படி இருக்கும்னு தெரியுது. ரெண்டு வருசத்துக்கு ஊழியம்னு மாலை போடாத குறையாக அனுப்பின பிள்ளை மூணு மாசத்தில் திரும்பி வந்தாச்சு. பொம்பளை விசயம்னு ஊரெல்லாம் பேச்சு. அம்மா முகம் கொடுத்துப் பேசறதில்லை. தம்பி சுவரைப் பார்த்துப் படுத்தது படுத்தபடி. குழந்தைக்கு முடியலை, அதனால்தான் போனேன்னு தம்பி சொல்றார், ஒருத்தரும் நம்பலை. நான் உங்க சபையோட பெரிய ஐயாகிட்டப் போனில் ஒரு தடவை நடந்ததைச் சொன்னால் போதும், அவ்வளவுதானே? சொல்ல மாட்டேன்னு நான் சொல்லலையே. ஆனால் முதலில் என் பக்கத்தையும் கேளுங்க. எல்லாரும் என்னையே சொல்றீங்க. என் மேல ஒரு தப்பும் இல்லைங்கக்கா.

நான் ஆறாவதோடு நின்றவள். அப்புறம் மில்லு. அங்கே பக்கத்து மிஷின்காரி பேர்கூட எனக்கு மூன்று மாதம் தெரியாது, கேட்கக் கூச்சம். கல்யாணமாகி இந்த லைன் வீட்டுக்கு வந்து மூன்று வருசம். கீழே ஆறு வீடு, மேலே ஒன்று. அந்த மேல்வீட்டை உங்க சபைக்காரர்கள் எடுத்திருக்கிறார்கள். மார்மன் என்று என்னமோ சொன்னார் வீட்டுக்கார அம்மா. எப்போதும் இரண்டு பையன்கள். வெள்ளைச் சட்டை, கழுத்தில் டை, பாக்கெட்டில் பேர் எழுதின கறுப்புப் பட்டை. ஆறு வாரத்துக்கு ஒருமுறை ஒரு போன் வரும். வந்தால் இரண்டில் ஒருத்தர் பெட்டியைக் கட்டிக்கொண்டு வேறு ஊருக்குப் போவார், புதுசாக ஒருத்தர் வருவார். பாய் அதே பாய், பக்கெட் அதே பக்கெட். பட்டையில் பேர் மட்டும் மாறும்.

இரண்டு பேர் பட்டையிலும் முதல் வார்த்தை ஒன்றாகவே இருக்கும். தமிழில்தான் எழுதியிருந்தது, எழுத்துக் கூட்டிப் பார்த்தேன். எல்டர். சரி, அப்பா பேர் போல, அண்ணன் தம்பிகள் என்று நினைத்தேன். ஒருத்தர் பேசுவது தெலுங்கு, ஒருத்தர் தமிழ். ஒருத்தர் நெட்டை, ஒருத்தர் குட்டை. ருக்குமணியக்காவிடம் கேட்டதற்கு, "ரெண்டு சம்சாரமா இருக்கும்டி, பெரிய எடத்துல அதெல்லாம் உண்டு" என்றார்கள். அது ஊழியக்காரப் பையன்களுக்கு வைக்கிற பட்டம் என்று பின்னாலதான் தெரிந்தது.

சிரிக்கிறீங்க. நல்லது, சிரிங்க.

உங்க தம்பி வந்தது ஒரு புதன்கிழமை. இரண்டு பெரிய பெட்டி. ஏற்கனவே மேலே இருந்த சீனியர் சுதீர், ராஜமுந்திரிப் பையன், அவர் ஒரு பெட்டியைத் தூக்கினார். தம்பி இன்னொன்றைத் தூக்க முடியாமல் படிப்படியாக வைத்து ஏற்றினார். நடுப்படியில் உட்கார்ந்துவிட்டார். அதற்கு முன்னே ஏதோ ஊரில் ஆறு வாரம் இருந்து பழகி, அங்கே ஒரு குடும்பம் இவரைப் பிள்ளை மாதிரி வைத்திருந்ததாம். இங்கே வந்தால் தெரு தெரியாது, தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை. முதல் வாரம் பூராவும் வயிற்றுப்போக்கு. சுதீர் நல்ல பையன்தான், ஆனால் கால் தரையில் படாத மாதிரி நடப்பார். தம்பி பின்னாலேயே ஓடுவார்.

முன்னே சபைக்கு வந்துபோன ஆட்கள் பேர் எழுதின ஒரு நோட்டு வைத்திருப்பார்கள். அதைப் பார்த்து வெயிலில் வீடு தேடிப் போவது. பாதிப் பேர் வீடு மாறியிருப்பார்கள். மீதிப் பேர் உள்ளே இருந்துகொண்டே, இல்லை என்று பிள்ளைகளிடம் சொல்லி அனுப்புவார்கள். ஒருநாள் யாரோ பட்டையைப் பிடித்து இழுத்துச் சட்டைப் பாக்கெட் கிழிந்து வந்தார். படியில் உட்கார்ந்து அவரே தைத்தார். பாக்கெட்டைச் சட்டையோடு சேர்த்து வாயை மூடித் தைத்துவிட்டார். எனக்குக் கை பரபரத்தது. வாங்கித் தைத்துக் கொடுக்கலாம். எப்படிக் கேட்பது?

திங்கட்கிழமை ஆனால் ஊருக்குப் பேசலாம் என்று அவர்களுக்கு ஒரு கணக்கு. அன்றைக்குத்தான் துணி துவைப்பதும். மாடிப்படியில் உட்கார்ந்து பேசுவார். "சாப்பாடெல்லாம் சூப்பர் மம்மி. ஜனங்க தங்கம் மம்மி. டாரத்திக்குக் குடு." நீங்ககூடப் பேசியிருப்பீங்க. சத்தமாகச் சிரிப்பார். போனை வைத்த பிறகு அந்தப் படியிலேயே, முட்டியில் முகத்தை வைத்துக்கொண்டு... நான் பார்த்தேன். பார்த்ததை யாரிடமும் சொல்லவில்லை. உங்ககிட்டத்தான் சொல்றேன்.

பேச்சு எப்படி ஆரம்பித்தது என்றால், நீலத்தில். வெள்ளைச் சட்டைக்குச் சொட்டு நீலம் போடத் தெரியாமல் அரை பாட்டிலை ஊற்றிவிட்டார். ஐந்து சட்டையும் போலீஸ்காரர் சட்டை மாதிரி ஆகிப்போனது. கையில் பிடித்துக்கொண்டு நின்றார். நான் இடுப்பில் இருந்த மிதுனாவிடம் சொன்னேன், "மாமாகிட்டச் சொல்லு கண்ணு, ஒரு பக்கெட்டுக்கு மூணு சொட்டு போதும்னு." அவருக்கும் என்னிடம் நேராகப் பேசக் கூச்சம். அவர்களுக்குச் சட்டமும் உண்டாமே, தனியாகப் பொம்பளைகளோடு நின்று பேசக்கூடாது என்று. அவரும் இவளைப் பார்த்தே சொன்னார், "அம்மாவுக்குத் தேங்க்ஸ் சொல்லு பாப்பா. இதை இனிமே எப்படிப் போக்கறதுன்னு கேட்டுச் சொல்லு." ஒன்றே கால் வயசுப் பிள்ளை. அவளுக்கு வாயில் 'ப்பா'வைத் தவிர ஒன்றும் வராது. அவளை நடுவில் வைத்துக்கொண்டு நாங்கள் மூன்று நான்கு வாரம் பேசினோம். ஒரு நாளைக்கு ஒன்றிரண்டு வார்த்தை. அவ்வளவுதான். அதற்கு மேல் ஏதாவது இருந்தது என்று யாராவது சொன்னால் அவர்கள் நாக்கு அழுகிவிடும்.

இருங்க, மிஷின் நின்னுடுச்சு.

...

ஓடுது. நூல் அறுந்திருக்கும்.

இரண்டு பேரும் ஒருத்தரை விட்டு ஒருத்தர் பிரியமாட்டார்கள். முடி வெட்டப் போனாலும் ஒருத்தர் வெட்டிக்கொள்ள இன்னொருத்தர் பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். ஒரு தேங்காய் வாங்க இரண்டு பேர். லைனில் "புதுப்பொண்ணு மாப்பிள்ளை வர்றாங்க" என்று கிண்டல் செய்வார்கள். இன்னொன்று, குழந்தையைத் தூக்கமாட்டார்கள். மிதுனா தம்பியைப் பார்த்தால் இரண்டு கையையும் நீட்டுவாள். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொள்வார். எனக்கு முகம் சுண்டிப்போனது. எங்க சாதி என்ன என்று யாரோ சொல்லிவிட்டார்கள் போல என்று நினைத்தேன். இரண்டு நாள் குழாயடிக்கே போகவில்லை. அப்புறம் சுதீர்தான் அவருடைய தமிழில் சொன்னார், "அக்கா, கோபம் வேண்டா. சின்னப் பிள்ளை எடுக்கறது மாக்கு, எங்களுக்கு, ரூல் இல்லே. எல்லா ஊரிலும் எடுக்கறது இல்லே." அப்போதுதான் மனசு ஆறியது.

சரி, அந்த நாளுக்கு வர்றேன். அதைத்தானே கேட்க வந்தீங்க.

ஐந்தாவது வாரம், வியாழக்கிழமை, காலை பதினொரு மணி இருக்கும். எங்க வீட்டுக்காரர் தறிப்பட்டறைக்குப் போய்விட்டார். லைனில் எல்லாரும் வேலைக்குப் போயாகிவிட்டது. பின்னால் தையல் மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. சுதீருக்குக் காய்ச்சல், மேலே படுத்துவிட்டார். அதனால் தம்பியும் வெளியே போகவில்லை. குடத்தை எடுத்துக்கொண்டு குழாய்க்கு வந்திருந்தார்.

இவளுக்கும் முந்தின ராத்திரியிலிருந்து உடம்பு கொதித்தது. துணி நனைத்துப் போட்டுக்கொண்டே இருந்தேன். திடீரென்று வெட்டி இழுத்தாள். கண் மேலே செருகிவிட்டது. வாயோரம் நுரை. கட்டை மாதிரி விறைத்துப் போனாள். நான் அவளைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினேன். கத்தவேண்டும் என்று வாயைத் திறந்தேன். சத்தம் வரவில்லைங்கக்கா. சின்ன வயசிலிருந்தே எனக்கு அப்படித்தான். சத்தம் வராது.

தம்பி பார்த்தார். குடத்தைக் கீழே போட்டார். முதலில் மேலே பார்த்து, "எல்டர்! எல்டர் சுதீர்!" என்று இரண்டு தடவை கூப்பிட்டார். மேலேயிருந்து பதில் இல்லை. மாடிப்படியைப் பார்த்தார், குழந்தையைப் பார்த்தார். படியில் ஒரு கால் வைத்தார், எடுத்தார். அப்புறம் என் முன்னே வந்து கையை நீட்டினார். "குடுங்கக்கா." என்னிடம் நேராகச் சொன்ன முதல் வார்த்தை அதுதான்.

நானும் கொடுத்தேன். என்ன கொடுத்தேன், அவர் கையில் திணித்தேன். அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டேன் என்றுகூட நினைவு. "தம்பி, வாங்க தம்பி, நீங்களும் வாங்க தம்பி" என்றேன். அப்போது மட்டும் எப்படிச் சத்தம் வந்ததோ. தெருமுனைக்கு ஓடினார், காலில் செருப்பில்லை. ஆட்டோவில் இவளை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டார். டையால் வாயைத் துடைத்துக்கொண்டே, "பாப்பா, மாமா பாரு, மாமா பாரு" என்று ஆஸ்பத்திரி வரைக்கும் சொல்லிக்கொண்டு வந்தார். நான் ஒரு மூலையில் ஒண்டிக்கொண்டு வந்தேன்.

டாக்டரம்மா ஊசி போட்டார்கள். காய்ச்சலில் வந்த வலிப்பு, ஒருக்களித்துப் பிடித்தது நல்லதாகப் போயிற்று, இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் மூளைக்குப் போயிருக்கும் என்றார்கள். ஒரு மருந்து எழுதினார்கள். தினம் இரண்டு வேளை, நிறுத்தவே கூடாது, ஒரு நாள்கூட விடக்கூடாது. சீட்டு எழுதின நர்ஸ், கூட வந்தது யார் என்று கேட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் தம்பி பேரைச் சொன்னார். நர்ஸ் அதை அப்பா பேர் எழுதுகிற இடத்தில் எழுதிவிட்டார். எனக்கு இங்கிலீஷ் தெரியாதே. தெரிந்திருந்தாலும் அடித்து எழுதுங்கள் என்று நான் கேட்டிருக்கமாட்டேன்.

சாயங்காலம் எங்க வீட்டுக்காரர் வந்ததும், பிள்ளைக்குக் காய்ச்சல், நானே தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன் என்றேன். பொய் சொல்லவேண்டும் என்று சொல்லவில்லை. அவர் நல்லவர்ங்கக்கா. குடி கிடையாது, சீட்டாட்டம் கிடையாது. இந்த ஒரு விசயத்தில்தான் கொஞ்சம் முன்கோபம். போன வருசம் போன் ரீசார்ஜ் கடைப் பையன் என்னைப் பார்த்துச் சிரித்தான் என்று என் போனையே கிணற்றில் போட்டுவிட்டார். அதுவும் நல்லதுக்குத்தான். இப்போது எனக்குப் போன் தொந்தரவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை மருந்துப் பையில் ஏதோ தேடப்போய் அந்தச் சீட்டு அவர் கையில் கிடைத்தது. அவர் பத்தாவது வரை படித்தவர். க்ளெமென்ட் என்று எழுத்துக் கூட்டினார். "யார்றி இது, என் பிள்ளைக்கு அப்பன்?" நேரே பின்வீட்டுக்குப் போய்க் கேட்டார். ருக்குமணியக்கா, "ரெண்டு பேரும் ஆட்டோவுல ஏறினதை ஜன்னல் வழியாப் பார்த்தேன் தம்பி, நான் என்னத்தைக் கண்டேன்" என்றார்கள். அன்றைக்கு மட்டும் மிஷினை நிறுத்திவிட்டு வெளியே வந்திருந்தால் அவர்களே கூட வந்திருக்கலாம். வரவில்லை. இதை யாரும் கேட்கமாட்டேன் என்கிறார்கள்.

இரண்டு அடிதான் அடித்தார். தறிக்காரர் கை, கொஞ்சம் கனம். சீட்டைக் கிழித்தார், மருந்துப் பாட்டிலைச் சாக்கடையில் எறிந்தார். பிள்ளைக்கு மாமா மாதிரிங்க என்றேன். "மாமாவா? எந்த மாமா? உன் கூடப் பொறந்தவனா?" என்றார். "இன்னொரு தடவை இந்த மாதிரின்னா பிள்ளை இங்க, நீ உங்க ஆத்தா வூட்டுல" என்றார். எங்க அம்மா வீட்டில் அண்ணன் பிள்ளைகளோடு படுக்கவே இடம் கிடையாது. பிள்ளையை விட்டுவிட்டு நான் எங்கே போக?

அப்புறம் கேட்டார். "நீ கூப்பிட்டியா, அவனா வந்து ஏறினானா?"

அவரே இரண்டு பதிலையும் சொல்லிக் கொடுத்துவிட்டார், பாருங்க. ஒன்றைச் சொன்னால் என் குடும்பம் போச்சு. இன்னொன்றைச் சொன்னால் மேல்வீட்டுத் தம்பிக்கு என்ன ஆகப்போகிறது? இரண்டு திட்டு விழும். ஐந்து வாரம் முடிந்துவிட்டது, ஆறாவது வாரம் போன் வந்தால் எப்படியும் பெட்டியைக் கட்டப்போகிறவர்தானே. வேறு ஊர், வேறு வீடு. அங்கே யாருக்கு இது தெரியும்? இப்படித்தானே யாரும் நினைப்பார்கள்? நான் அவர் நல்லதுக்கும் சேர்த்துத்தான் யோசித்தேன்.

அவராத்தான் ஏறினார் என்றேன். நான் வேண்டாம் வேண்டாம் என்றேன், அவராத்தான் வந்து ஏறினார் என்றேன்.

எங்க வீட்டுக்காரர் மேலே ஏறிப் போனார். சத்தம் கேட்டது. தம்பி, "குழந்தைக்கு இப்ப எப்படி இருக்கு சார்?" என்றுதான் கேட்டிருக்கிறார். அதற்குத்தான் இன்னும் கோபம் வந்தது இவருக்கு.

செவ்வாய்க்கிழமை உங்க பெரிய ஐயா பெங்களூரிலிருந்து வந்தார். கூட இன்னொருத்தர். நல்ல மனுசர். கட்டிலில் எங்க வீட்டுக்காரர் பக்கத்தில் உட்கார்ந்தார், தண்ணீர் வாங்கிக் குடித்தார். நான் அந்தக் கதவுக்குப் பின்னால் நின்றேன். தம்பியை வாசலில் நிறுத்தியிருந்தார்கள். சுதீரைக் கேட்டார். சுதீர் அழுதார். "எனக்குத் தெரியாது, காய்ச்சல், நித்திரை. கூப்பிட்டது கேக்கலே" என்றார். அவர் பொய் சொல்லவில்லை, பாவம், கேட்கத்தான் இல்லை. அப்புறம் பெரிய ஐயா என்னைக் கேட்டார். ரொம்ப மெதுவாகக் கேட்டார். "பயப்படாதீங்கம்மா. குழந்தைக்கு ஆபத்துன்னு நீங்க கூப்பிட்டுத்தான் இவர் வந்தாரா? ஆமான்னு தலையை ஆட்டினாப் போதும்."

நான் ஒன்றும் சொல்லவில்லைங்கக்கா. எனக்குத்தான் சத்தம் வராதே. தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியவில்லை.

ஏன் அப்படிப் பார்க்கிறீங்க?

சரி. சொன்னேன். ஒன்றே ஒன்று சொன்னேன். எங்க வீட்டுக்காரர், "வாயைத் தொறந்து சொல்லு கலாமணி, என்கிட்டச் சொன்னதைச் சொல்லு" என்றார். அதனால் சொன்னேன். நான் கூப்பிடலைங்க, அவராத்தான் வந்து ஏறினாருங்க. வேற ஒன்றும் சொல்லவில்லை. கையைப் பிடித்தார், அப்படி இப்படி என்றெல்லாம் நான் சொன்னதாகப் பேச்சு உலவுகிறதாம், அது ருக்குமணியக்கா கட்டிவிட்டது. நான் அப்படிச் சொல்வேனா? தம்பி தங்கம்.

தம்பி வாசலிலிருந்து என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. நான் இன்னும் ஏதோ சொல்லப்போகிறேன் என்று காத்துக்கொண்டிருக்கிற மாதிரிப் பார்த்தார்.

மறுநாள் பெட்டியோடு இறங்கினார். நான் வேறு ஊருக்கு மாற்றுகிறார்கள் என்றுதான் நினைத்தேன். சத்தியமாக. இதற்கு முன்னே போனவர்கள் எல்லாரும் அப்படித்தானே பெட்டியோடு இறங்கினார்கள்? ஊழியத்தையே முடித்து வீட்டுக்கு அனுப்புகிறார்கள் என்று எனக்கு யார் சொன்னார்கள்? சட்டையில் பட்டை இல்லை, அதைக் கவனித்தேன். கழுவப் போட்டிருப்பார் என்று... இல்லை, பட்டையைக் கழுவமாட்டார்கள். என்னமோ நினைத்தேன்.

மிதுனா என் இடுப்பிலிருந்து கையை நீட்டினாள். அவர் நின்றார். அவளைப் பார்த்து, "பாப்பா, அம்மாகிட்டச் சொல்லு, மருந்தை மட்டும் நிறுத்த வேண்டாம்னு டாக்டர் சொன்னாங்கல்ல, ஒரு வேளைகூட விட வேண்டாம்" என்றார். நானும் தலையை ஆட்டினேன். பாட்டில்தான் சாக்கடைக்குப் போயாகிவிட்டதே. சீட்டும் இல்லை. சீட்டு இல்லாமல் கடையில் போய் எப்படிக் கேட்பது? மருந்து பேர் என்ன என்பான். திரும்ப ஆஸ்பத்திரிக்குப் போனால் போன தடவை அப்பா வந்தாரே, எங்கே என்பார்கள். காய்ச்சல்தான் விட்டுவிட்டதே, மருந்து எதற்கு என்று இருந்துவிட்டேன்.

இப்போது என் வயிற்றெரிச்சலைக் கேளுங்க.

அடுத்த வாரமே சுதீரையும் மாற்றிவிட்டார்கள். புதுசாக இரண்டு பேர் வந்தார்கள். வந்த நாளிலிருந்து எங்க வீட்டுப் பக்கம் தலையைத் திருப்பமாட்டார்கள். நான் குழாயடியில் இருந்தால் இறங்கவே மாட்டார்கள். மிதுனா "ப்பா" என்று கூப்பிட்டால் மேலே பார்த்துக்கொண்டு போவார்கள். அதுகூடப் போகட்டும். போன மாதம் இவளுக்குத் திரும்ப வந்தது. அதே மாதிரி, பகலில், யாருமில்லாத நேரத்தில். நான் வாசலுக்கு ஓடினேன். இரண்டு பேரும் மாடிப்படியில் நின்றார்கள். இரண்டு பேரும் பார்த்தார்கள். ஒருத்தர் போனை எடுத்து ஆம்புலன்சுக்குச் சொன்னார், அதை இல்லையென்று சொல்லமாட்டேன். ஆனால் இறங்கி வரவில்லைங்கக்கா. கடைசிப் படி வரைக்கும் வந்து நின்றுகொண்டார்கள். கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. "வண்டி வருதும்மா, வந்துட்டே இருக்கும்மா" என்கிறார் ஒருத்தர். நாற்பது நிமிசம். எனக்கு அவளை எப்படிப் பிடிக்கவேண்டும் என்றுகூடத் தெரியவில்லை. மல்லாக்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

வலது கை இன்னும் வரலை. பொம்மையைக் கொடுத்தால் இடது கையில்தான் வாங்குகிறாள். போகப் போகச் சரியாகலாம், சொல்ல முடியாது என்கிறார் டாக்டர்.

ஒரு உசுரு துடிக்கிறதைப் பார்த்துக்கொண்டு நிற்க எப்படி மனசு வரும்? நீங்களே சொல்லுங்க. மனுசங்களா அவங்க? உங்க தம்பி இருந்திருந்தால் நிற்பாரா? பெரிய ஐயாவிடம் நீங்களே இதைக் கேளுங்க. இந்த மாதிரிப் பிள்ளைகளை ஊழியத்துக்கு வைத்துக்கொள்கிறார்கள், தங்கமான பிள்ளையை அனுப்பிவிட்டார்கள். என்ன நியாயம் இது?

என்னக்கா, பையைத் திறக்கிறீங்க.

போனா? இப்பவா?

மணி என்ன ஆகுது? நாலரை. அவர் அஞ்சரைக்கு வந்துடுவார். இல்லை, நேரம் இருக்கு, இருக்குதான். போடுங்க. நான்தான் சொல்றேன்னு சொன்னேனே. நீங்க பக்கத்தில் இருந்தால் சொல்லிடுவேன். என்ன சொல்லணும்? நான் கூப்பிட்டுத்தான் தம்பி வந்தார், நான்தான் கையில் கொடுத்தேன். அவ்வளவுதானே. நான் கூப்பிட்டுத்தான் வந்தார். நான் கூப்பிட்டுத்தான் வந்தார். சரி. ரிங் போகுதா? குடுங்க.

ஹலோ.

ஆமாங்க... கலாமணிங்க. ஈரோட்டுலிருந்துங்க. மேல்வீட்டுக்குக் கீழேங்க... ஆமாங்க, அந்தக் குழந்தையோட அம்மாதாங்க.

நல்லா இருக்காளுங்க.

இல்லைங்க, அது வந்துங்க, அன்னைக்கு நீங்க கேட்டீங்கல்லங்க, அது...

அக்கா, மிஷின் சத்தம் கேட்குதா? எனக்குக் கேட்கலை. உங்களுக்குக் கேட்குதா?

ஹலோ... இருக்கேனுங்க. ஒண்ணுமில்லைங்க. இல்லைங்க, யாரும் மிரட்டலைங்க. சும்மாதாங்க. எல்லாரும் நல்லா இருக்கீங்களான்னு கேட்கலாம்னுதாங்க. சரிங்க. வச்சுடறேனுங்க.

இந்தாங்க போன்.

அக்கா. அழாதீங்கக்கா. மெதுவா. ருக்குமணியக்கா ஜன்னல்கிட்ட வந்து நிற்கிறாங்க, நிழல் தெரியுது பாருங்க. இந்தத் துண்டில் துடைச்சுக்கங்க. இன்னைக்கு நாளே சரியில்லை. இன்னொரு நாள், அவர் நைட் ஷிப்டுக்கு மாறட்டும், பகலில் தூங்கிடுவார், அப்ப வாங்க. அப்பச் சொல்றேன். கட்டாயம் சொல்றேன்.

தம்பியைக் கேட்டதாச் சொல்லுங்க. குழந்தை நல்லா இருக்கிறதாச் சொல்லுங்க, மருந்து தவறாமல் கொடுக்கிறாங்கன்னு சொல்லுங்க. கையைப் பத்தி மட்டும் சொல்லிடாதீங்க. பாவம், கேட்டால் மனசு உடைஞ்சு போகும். ஏற்கனவே படுத்துக்கிடக்கிற பிள்ளை.

முன்வழியாப் போகாதீங்க. இப்படிக் குளியலறைச் சந்து வழியா நேராத் தெருவுக்குப் போயிடலாம். பார்த்துப் போங்க, அங்கே வழுக்கும். யாராவது எந்த வீட்டுக்கு வந்தீங்கன்னு கேட்டால் வாடகைக்கு வீடு பார்க்க வந்தேன்னு சொல்லிடுங்க. நீங்க படிச்சவங்க, டீச்சர், உங்களுக்குச் சட்டுன்னு வாயில் வரும்.